குளிரின் எல்லையைத் தேடியவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டிச் சென்றனர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. பெயர்கள் நம் கடலில் நிலைத்தனவேயன்றி, அப்பெயர்களுக்குரிய நகரங்களைப் பற்றி நம்மவர் அறிந்தது சொற்பமே. அவ்விரு நகரங்களிலும் அடுத்தடுத்து ஆசிரியப் பணி புரிந்து, அவற்றுள் லைடன் நகரை உலகிலேயே மிகக் குளிர்ந்த இடமாக்கிய ஓர் அறிஞரின் வரலாறு இது. ஹைக்கெ காமர்லிங் ஒன்னெஸ் என்பது அவர் பெயர்.

1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள், ஒல்லாந்து தேசத்தின் வடபாகத்திலுள்ள குரோனிங்கன் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் செங்கற் சூளை நடத்தியவர். தாயார் ஒரு கட்டடக் கலைஞரின் மகள். தம்பியருள் ஒருவரான மென்சோ, பிற்காலத்திற் புகழ்பெற்ற ஓவியரானார். சூளையின் வெப்பத்தால் வாழ்ந்த வீட்டிலே குளிரின் எல்லையைத் தேடும் பிள்ளை பிறந்தது காலத்தின் விளையாட்டென்றே சொல்லலாம்.

குரோனிங்கன் சர்வகலாசாலையிற் சேர்ந்த ஒன்னெஸ், 1871 முதல் 1873 வரை ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் புன்சன், கிர்ச்சோவ் ஆகிய இரு பேராசான்களிடம் பயின்றார். இரசாயனத்தில் ஒருவரும் பௌதிகத்தில் ஒருவரும் புகழின் உச்சியிலிருந்த காலம் அது. கருவியைக் கூர்மையாக்கினால் இயற்கையும் தன் மறைவிடங்களைக் காட்டும் என்ற உண்மையை அங்கே அவர் கண்ணாரக் கண்டார். பின்னர்த் தாயகம் மீண்டு, பூமி தன் அச்சிற் சுழல்வதற்குப் புதிய சான்றுகள் தரும் ஆராய்ச்சியை மேற்கொண்டு, 1879இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்கு முன்னரே டெல்வ்ற் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவியாசிரியராகிவிட்டார். 1882இல் லைடன் சர்வகலாசாலை அவரைப் பரிசோதனைப் பௌதிகப் பேராசிரியராக அழைத்தது. அப்போது அவருக்கு வயது 29.

பதவியேற்ற நாளில் நிகழ்த்திய உரையிலேயே தம் வாழ்நாட் கொள்கையை அவர் அறிவித்துவிட்டார். அளத்தலே அறிதலுக்கு வழி என்பது அதன் சாரம். வெறும் அளவைக்காக அளப்பதை அவர் விரும்பவில்லை. ஒரு கொள்கையின் கழுத்தைப் பிடித்து, மெய்யா பொய்யா என்று கேட்கும் அளவையையே விரும்பினார். அக்கொள்கையும் அவருக்கு அருகிலேயே கிடைத்தது. ஒல்லாந்தரான வான் டெர் வால்ஸ் என்னும் அறிஞர், வாயுவும் திரவமும் ஒரே பொருளின் தொடர்ந்த இரு நிலைகள் என்று 1873இல் விளக்கியிருந்தார். எல்லா வாயுக்களும் தத்தமக்குரிய அளவுகோலால் அளக்கப்படின் ஒரே விதிக்கு அமையும் என்று 1880இல் மேலும் கூறினார். இது மெய்யாயின், எந்த வாயுவும் திரவமாகாமல் தப்ப முடியாது. எவ்வளவு குளிரில் அது திரவமாகும் என்பதையும் முன்னதாகவே கணித்துவிடலாம். இதனைச் சோதிக்க வேண்டுமெனில், எளிதில் அடங்காத வாயுக்களை ஆழ்ந்த குளிரில் வைத்து அளக்க வேண்டும். ஒன்னெஸ் குளிரை நாடிச் சென்றது இக்காரணத்தாலேயாம்.

குளிர் என்பதற்கு ஓர் அடித்தளம் உண்டு. நீர் உறையும் நிலைக்குக் கீழே ஏறத்தாழ 273 பாகையில், அதற்குமேல் எவ்வெப்பத்தையும் எடுக்க இயலாத நிலை இருக்கிறது. அதனைத் தனிப்பூச்சியம் என்பர். அதனை அணுகலாம்; அடைய முடியாது. இனி இக்கட்டுரையிற் கூறப்படும் பாகைகள் அத்தனிப்பூச்சியத்திலிருந்து மேல்நோக்கி எண்ணப்படுவன. ஒட்சிசன் 90 பாகையிலும் ஐதரசன் 20 பாகையிலும் கொதிப்பன. அவற்றிலும் கீழே கிடந்த வாயு ஈலியம். 1868இற் சூரிய ஒளியின் நிறமாலையிற் புலப்பட்ட அது, 1895இலேதான் இலண்டனில் றாம்சே என்பவராற் பூமியிற் பிரித்தெடுக்கப்பட்டது.

ஒன்னெஸ் லைடனுக்கு வந்தபோது இத்துறையில் ஐரோப்பா முழுவதும் போட்டி தொடங்கிவிட்டது. 1877இல் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் ஒட்சிசன் மூடுபனிபோற் கணநேரம் தோன்றி மறைந்தது. 1883இல் போலந்து நாட்டு அறிஞர் இருவர் கிராக்கோவ் நகரில் அதனைக் குழாயில் நிற்கும் திரவமாகவே பெற்றனர். ஆயினும் அவர்கள் பெற்றது சில துளிகளே. துளிகளைக் கொண்டு வியக்கலாம், அளக்க முடியாது. ஒன்னெஸ் விரைந்தோடவில்லை. பம்பிகளும் குழாய்களும் கொண்ட ஒரு தொழிற்சாலையையே ஆய்வுகூடத்தினுள் நிறுவத் தலைப்பட்டார். ஒரு வாயுவின் குளிரால் அடுத்த வாயுவைத் திரவமாக்கி, அதன் குளிரால் அதற்கடுத்ததைத் திரவமாக்கும் படிமுறை அது. 1894அளவில் அவருடைய கூடத்தில் திரவ ஒட்சிசன் மணிக்குப் பல லீற்றராகக் கிடைத்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் செய்த முன்னேற்பாட்டின் முதற்கனி இதுவேயாகும்.

கனி கைக்கு வந்த வேளையில் இடியும் வந்தது. அந்த ஆய்வுகூடம் நின்ற நிலத்துக்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1807இல் வெடிமருந்து ஏற்றிய கப்பலொன்று லைடனின் கால்வாயில் வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். ஒரு குடியிருப்பே தரைமட்டமானது. அவ்வெறுநிலத்திலேதான் பிற்காலத்தில் ஆய்வுகூடம் எழுந்தது. அமுக்கமேற்றிய வாயுக்கள் நிறைந்த உருளைகள் அதே இடத்திற் குவிவதை அறிந்த நகரமாந்தர் அஞ்சினர். அவர்கள் அச்சத்தை நாம் பழிக்க முடியாது. 1895இல் நகரசபை முறையிட்டது. குளிரியற் பணிகள் நிறுத்தப்பட்டன. அறிஞர் குழுக்கள் ஆராய்ந்தன. இலண்டனிலிருந்து ஜேம்ஸ் டூவார், தம் போட்டியாளர் என்றும் பாராது, ஒன்னெஸுக்குச் சார்பாகக் கடிதம் எழுதினார். 1898இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அதே 1898இல் அந்த டூவாரே ஐதரசனைத் திரவமாக்கி வெற்றி கண்டார்.

மற்றொருவராயின் மனம் உடைந்திருப்பர். ஒன்னெஸ் தம் வழியை மாற்றவில்லை. இவ்விருவரையும் ஒப்புநோக்குவது பயனுடையது. டூவார் கைத்திறன் மிக்கவர். இரட்டைச் சுவருக்கிடையே வெற்றிடம் அமைந்த குடுவையை 1892இல் ஆக்கி உலகுக்கு அளித்தவர். இன்று நம் வீடுகளிற் சுடுநீரைக் காக்கும் குடுவை அதுவே. திரவ வாயுக்களைக் காக்கும் கலனும் அதுவே. ஆயினும் அவர் தனித்து இயங்கியவர். தம் கருவிகளின் நுட்பங்களை வெளியிடுவதிற் சிக்கனம் காட்டியவர். ஈலியம் றாம்சேயிடம் இருந்தது. குளிர் டூவாரிடம் இருந்தது. ஒரே நகரில் வாழ்ந்த இருவருக்கும் பகை இருந்தது. ஒன்னெஸோ 1885 முதலே தம் கூடத்தின் முடிவுகளையும் கருவி அமைப்புக்களையும் ஆங்கிலத்தில் வெளியிட்டு வந்தார். உலகின் எப்பகுதியினரும் அவற்றைப் படித்துப் பயன்பெறலாம்.

அதனினும் பெரிது அவர் மனிதரைப் பயிற்றிய முறை. நுண்கருவிகளை விலைகொடுத்து வாங்க முடியாது. செய்பவர்களை முதலில் ஆக்க வேண்டும் என்று கண்டு, 1901இற் கருவி செய்வோரைப் பயிற்றும் சங்கமொன்றை அமைத்தார். நீலச் சட்டையணிந்த இளைஞர்கள் அங்கே உலோகவேலையும் கண்ணாடி ஊதும் கலையும் கற்றனர். அதன் வழிவந்த பாடசாலை லைடனில் இன்றும் நடைபெறுகிறது. ஃபிலிம் என்பவர் உலோகவேலைக்குத் தலைவர். கெசல்றிங் என்பவர் கண்ணாடிவேலைக்குத் தலைவர். பேராசிரியர் உடல்நலம் குன்றியவர். நெடுநேரம் உழைக்க இயலாதவர். ஆயினும் அவர் மனத்தில் வரைந்த கலன்களை இவர்களின் கைகள் உருவாக்கின.

1906இல் ஐதரசனைத் திரவமாக்கும் இயந்திரம் ஒழுங்காக இயங்கலாயிற்று. அது மணிக்கு 4 லீற்றர் தந்தது. இனி எஞ்சியது ஈலியம் ஒன்றே. அதற்கான மூலப்பொருளை, அம்ஸ்ரடாமில் வணிகத் தகவல் அலுவலகத்தில் இருந்த அவருடைய சகோதரர் தேடிக்கொடுத்தார். அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து மொனசைற்று மணல் மூடை மூடையாக வந்தது. மணலைச் சூடாக்கி வாயுவை வெளியேற்றி, மாசு நீக்கி, இரசாயனர் நால்வர் பாடுபட்டு 360 லீற்றர் ஈலிய வாயுவைத் திரட்டினர். அந்த வாயு இழக்க முடியாத செல்வம். ஆதலால் அது ஒரு துளியும் வெளியேறாது, பம்பியாலே மூடிய வட்டத்தினுள் மீண்டும் மீண்டும் சுழலுமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. ஈலியம் 5 அல்லது 6 பாகைக்கு அண்மையில் அடங்கும் என்பதை, வான் டெர் வால்ஸ் விதியைக் கொண்டு அவர் முன்னரே கணித்திருந்தார்.

1908ஆம் ஆண்டு யூலை 10ஆம் நாள். முதல் நாளே 75 லீற்றர் திரவக் காற்று ஆயத்தமாகிவிட்டது. விடியற்காலை 5.45 மணிக்கு வேலை தொடங்கிற்று. பிற்பகல் 1.30 மணிக்குள் 20 லீற்றர் திரவ ஐதரசன் சேர்ந்தது. மாலை 4.20 மணிக்கு ஈலியம் சுழலத் தொடங்கியது. வெப்பமானி மெல்ல மெல்ல இறங்கியது, பின்னர் நின்றுவிட்டது. ஐதரசனின் கடைசிச் சேமிப்பும் திறக்கப்பட்டது. அப்போதும் கலனில் எதுவும் புலப்படவில்லை. வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டிய நேரம் நெருங்கியது. காண வந்திருந்த இரசாயனப் பேராசிரியர் ஸ்கிறைனமாக்கர்ஸ், வெப்பமானி அசையாமல் நிற்பது அது திரவத்தினுள் மூழ்கியிருப்பதனால் ஆகலாமே என்று ஐயம் தெரிவித்தார். கலனின் அடியிலிருந்து விளக்கொளி பாய்ச்சப்பட்டது. அங்கே கத்தியின் விளிம்புபோல் நீர்மட்டம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நீரின் எட்டிலொரு பங்கே அடர்த்தியுள்ள திரவமாதலால், அதுவரை அது எவர் கண்ணுக்கும் அகப்படவில்லை. அன்று கிடைத்தது 60 கனசென்ரிமீற்றர். ஒரு தேநீர்க் கோப்பையின் பாதியும் இராது. வான் டெர் வால்ஸின் கொள்கை மெய்யென நிலைநாட்டப்பட்டது.

ஒன்னெஸ் அத்துடன் நிற்கவில்லை. திரவத்தின்மேலுள்ள ஆவியைப் பம்பியால் இழுத்தார். ஆவி நீங்க நீங்கத் திரவம் தன் வெப்பத்தைத் தானே இழந்து மேலும் குளிரும். மண்பானை நீர் குளிர்வதும் இம்முறையாலேயே. 4.2 பாகையிற் கொதித்த ஈலியம் அன்றிரவே 2 பாகைக்குக் கீழே இறங்கியது. அது உறைந்து திண்மமாகும் என எதிர்பார்த்தார், உறையவில்லை. இரவு 9.40 மணிக்கு எல்லோரும் களைத்து ஓய்ந்தனர்.

அக்கலனிற் கிடந்த ஈலியத்தை வேறொரு சோதனைக் கலனுக்கு மாற்றும் வழியைக் காண்பதற்கே மேலும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சென்றன. அது கைவந்ததும், கடுங்குளிரில் உலோகங்களின் மின்தடை யாதாகும் என்ற வினாவை எடுத்தார். மின்னோட்டம் அடியோடு உறைந்துவிடும் என்றனர் சிலர். தடை படிப்படியாகக் குறையும் என்றனர் வேறு சிலர். வடித்து வடித்து மிகத் தூய்மையாக்கத்தக்கது என்பதனால் இரசத்தைத் தெரிந்துகொண்டார். 1911 ஏப்ரல் 8ஆம் நாள் ஒன்னெஸும் ஃபிலிமும் குளிர்கலனைக் கவனிக்க, பம்பிகளின் அதிர்வு எட்டாத இருட்டறையொன்றில் ஹொல்ஸ்ற், டோர்ஸ்மன் என்னும் இருவர் அளவுகளைப் பார்த்தனர். இரசத்தின் தடை ஏறத்தாழ இல்லையென்றே ஆயிற்று. பின்னர் நுணுகி அளந்தபோது, 4.2 பாகையில் அது படிப்படியாகவன்றித் திடீரென மறைவது தெரிந்தது. மீக்கடத்துதிறன் எனப்படும் புதுமை இவ்வாறு பிறந்தது. அதே நாளில், 2 பாகைக்கு அண்மையில் ஈலியத்தின் கொதிப்பு சட்டென அடங்கியதையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தனர். அதுவும் ஒரு பெரும் புதிர் என்பது பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

இவ்விடத்தில் ஒரு குறையையும் மறைத்தல் தகாது. கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரைகளின் ஆசிரியராக ஒன்னெஸின் பெயர் மட்டுமே விளங்கிற்று. தடை மறைந்ததை முதலிற் கண்ட கண்கள் ஹொல்ஸ்ற்றினுடையவை. பேராசிரியரே கூடத்தின் தலைவர், கூடத்தின் பேறெல்லாம் அவர் பேறு என்பது அக்கால வழக்கம். வழக்கம் என்பதனால் அது நீதியாகிவிடாது. ஹொல்ஸ்ற் பின்னர் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்துக்கு முதற்றலைவராகித் தம் பெயரைத் தாமே நிலைநாட்டிக்கொண்டார்.

1913இல் நோபல் பரிசு ஒன்னெஸை வந்தடைந்தது. தடையற்ற கம்பியைச் சுற்றி ஒரு இலட்சம் கவுஸ் வலிமையுள்ள மாபெருங் காந்தம் செய்யலாம் என்ற கனவை அவர் அவ்வாண்டே வெளியிட்டார். கனவு உடைந்தது. சில நூறு கவுஸ் காந்தப்புலத்துக்குள்ளேயே ஈயக் கம்பி தன் புதிய குணத்தை இழந்து பழைய ஈயமாகிவிட்டது. ஆயினும் 1914இல் ஈயச் சுருளொன்றில் ஊட்டிய மின்னோட்டம் கலம் எதுவுமின்றி மணிக்கணக்காக ஓடியதை அயலில் வைத்த திசைகாட்டியின் ஊசி காட்டியது.

முதல் உலகப்போரின்பின் பட்டினியால் வாடிய பிறநாட்டுக் குழந்தைகளுக்கு உதவுவதிலும் அவர் முன்னின்றார். 1922இற் பன்னிரண்டு பம்பிகளை ஒருங்கே பூட்டி 0.83 பாகையைத் தொட்டார். அதற்குக் கீழே அவரால் இறங்க முடியவில்லை. 1923இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் ஈலியம் திரவமாக்கப்படும் வரை, பதினைந்து ஆண்டுகளாக உலகில் லைடன் ஒன்றே அதனைச் செய்த இடம். ரொறன்ரோவினர்க்கும் தம் கருவிகளின் வரைபடங்களைத் தாமே கொடுத்துதவினார். தமக்கு மட்டுமே உரியதாயிருந்த பெருமையைத் தாமே பகிர்ந்தளிக்கும் மனம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

1926 பெப்ருவரி 21ஆம் நாள் லைடனில் அவர் காலமானார். இறுதி ஊர்வலம் நேரம் பிந்தியதனால் விரைந்து செல்ல நேர்ந்ததாம். கரிய உடையில் வியர்வையோடு பின்தொடர்ந்த பட்டறைத் தொழிலாளர், இறந்தும் கிழவர் நம்மை ஓடவைக்கிறார் என்று தம்முட் பேசிக்கொண்டதாக ஒரு கதை வழங்குகிறது. அக்கதையில் ஒரு சலிப்பும் உண்டு. அதனினும் பெரிய அன்பும் உண்டு. நான்கு திங்கள் கழிந்து, அவருடைய மாணாக்கரும் அவர்பின் அக்கூடத்தின் தலைமையேற்ற இருவருள் ஒருவருமான கேசொம், 25 வளிமண்டல அமுக்கம் செலுத்தி ஈலியத்தை உறையச் செய்தார். ஆசான் காண விரும்பிக் காணாமற் போன காட்சி அது.

இவ்வளவு உழைப்பும் எதற்கு என்று கேட்போர் அக்காலத்திலும் இருந்தனர். விடை அவர் மறைந்து நெடுங்காலத்தின்பின் வந்தது. உடைந்த காந்தக் கனவு, வலிய புலத்தையும் தாங்கும் உலோகக் கலவைகள் கிடைத்ததும் நனவாயிற்று. உடலின் உள்ளுறுப்புக்களைக் காட்டும் காந்தப் பரிவுக் கருவிகளுட் பெரும்பாலானவற்றில் மீக்கடத்திச் சுருள் ஈலியக் குளிரிலேயே இயங்குகிறது.

அதனோடும் அமையவில்லை. அணுக்கருக்களுட் பல சிறு காந்தங்கள். வலிய புலத்தில் வைத்தாலும் அவை ஏறத்தாழ பாதி ஒருபுறமும் பாதி மறுபுறமுமாகத் திரும்பி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. சாதாரண வெப்பநிலையில், பத்து இலட்சத்துக்கு ஒரு சிலவே மிகுதியாக நின்று நமக்குச் செய்தி சொல்கின்றன. வெப்பத்தின் அலைக்கழிப்பே இதற்குக் காரணம். ஆனால் ஈலியத்தின்மேற் பம்பியை இயக்கி 1 பாகையை அண்மினால், பொருளிற் கலந்து வைத்த இலத்திரன்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒருபுறமாகத் திரும்புகின்றன. அவ்வொழுங்கை நுண்ணலைகளால் அணுக்கருக்களுக்கு ஊட்டலாம். பின்னர்ச் சுடுநீரைப் பாய்ச்சி அப்பொருளை நொடியிற் கரைத்தெடுத்தால், அது பதினாயிரம் மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு செய்தி தருகிறது. 2003இல் வெளியான இம்முறையை மிகைமுனைவாக்கம் எனலாம். இதனால் ஆயத்தஞ் செய்த பைருவேற்று என்னும் பொருளைச் செலுத்தி, புற்றுநோய்க் கட்டி அதனை எவ்வாறு உட்கொள்கிறது என்பதை நோயாளரிடத்தே கண்ட ஆய்வு 2013இல் வெளியாயிற்று.

இங்கே இடர் யாதெனில், அவ்வொழுங்கு ஒரு நிமிடமளவிலேயே தேயத் தொடங்கிவிடும். 1 பாகையில் உள்ள பொருளைச் சுடுநீர் சென்று எடுக்கும்போது ஈலியக் குளிர்கலனும் கெடாதிருக்க வேண்டும். ஈலியமோ அரிய வாயு. ஆகவே கலனையும் பம்பியையும் குழாயையும் திருத்துவதே இன்றும் ஆய்வாளரின் பெரும்பாடு. ஈலியத்தை வெளியே விடாது மூடிய வட்டத்திற் சுழற்றும் கருவிகளை இப்போது ஆக்கியுள்ளனர். 360 லீற்றரைப் பொன்போற் காத்துச் சுழலவிட்ட அந்த யூலை நாளின் ஏற்பாட்டோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பவர், இரண்டுக்கும் இடையே உள்ள உறவை எளிதில் உணர்வர்.

பெருங்கருத்து மின்னலைப்போல் ஒருவர் உள்ளத்திற் பளிச்சிடுகிறது; அறிவியலின் வெற்றி அதுவே என்று மாணவர்க்கு நாம் கதை சொல்கிறோம். ஒன்னெஸின் வாழ்வு வேறு பாடம் புகட்டுகிறது. இருபத்தாறு ஆண்டுகள் கலனும் கையும் ஆயத்தமாயின. பயன் ஒரு மாலைப்பொழுதில் விளைந்தது. கண்ணாடி ஊதியவன் கை நடுங்கியிருந்தால் அந்த மாலை வந்திராது. அன்று கலனின் அடியிலிருந்து பாய்ச்சிய விளக்கொளியில் ஒரு திரவத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தது. அதனை ஏந்திநின்ற கைகளையும் காண்பது நம் கடனாகும்.